குரோம்பேட்டையிலிருந்து ஒரு கட்டளை

தாம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் "எம்.ஐ.டி. கேட்" என்று குரல் கொடுக்கிறாரே, அந்த வளாகத்திலிருந்துதான் ஒரு காலத்தில் ஒரு செயற்கைக்கோளுக்குக் கட்டளைகள் போய்க்கொண்டிருந்தன. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் ஏறிப்போன அனுசாட், அண்ணா பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. எடை 40 கிலோ. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள். அதற்கான தரைநிலையம் அந்தப் பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருந்தது.

குரோம்பேட்டையிலிருந்து பேசலாம் என்றால், பல்லாவரத்து மொட்டை மாடியிலிருந்து வேறொருவர் பேச முடியாதா?

இயற்பியல் குறுக்கே நிற்காது. அனுசாட் போலத் தாழ்வாகச் சுற்றும் கோள் அடிவானத்தில் எழுந்து மறையப் பத்து நிமிடம் போல ஆகும். எந்த நொடியில், எந்தத் திசையில் எழும் என்று சொல்லும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வி.எச்.எஃப். அலைக்குப் பெரிய டிஷ் வேண்டாம், யாகி ஆன்டெனா போதும். எந்த ஊரிலிருந்து கிளம்பினோம் என்று ரேடியோ அலை சொல்வதில்லை. அலைவரிசை சரியா, தன் முகவரி இருக்கிறதா, வழியில் எழுத்து சிதைந்ததா என்று மட்டும் பார்க்கும் கோள், யார் சொன்னாலும் கேட்கும்.

1978-ல் நாசா ஏவிய ஐ.எஸ்.இ.இ.-3 அப்படித்தான் கேட்டது. 2014-ல் தன்னார்வலர் குழு ஒன்று, நாசாவின் அனுமதியோடு, அரசிபோ தொலைநோக்கி வழியாகக் கட்டளை அனுப்பியது. அந்தப் பழைய கலம் மறுபேச்சில்லாமல் பணிந்தது. நல்லவேளை, பேசியவர்கள் நல்லவர்கள்.

கட்டளையை ரகசிய மொழியாக்கினால் போதுமே என்று தோன்றும். போதாது. பொருள் புரியாமலே ஒருவர் அதைப் பதிவுசெய்து, நாளைக்கு அப்படியே திரும்ப ஒலிபரப்பலாம். செக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: அதை யாரும் படிக்கலாம், ஆனால் கையெழுத்து வேண்டும், ஒரே எண்ணுள்ள செக் இரண்டாம் முறை செல்லாது. அதேபோல ஒவ்வொரு கட்டளையோடும் ஒரு வரிசை எண்ணும், ரகசியச் சாவியால் கணக்கிட்ட சில பைட் முத்திரையும் போகும். கோளும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் கட்டளை குப்பைக்கு.

இதற்கும் தயங்குகிறவர்கள் உண்டு, காரணமும் நியாயமானதே. கதிர்வீச்சில் நினைவகம் கலங்கிச் சாவி அழிந்துபோனால், உரிமையாளரே வெளியில் நிற்க வேண்டியதுதான். அதற்காகவே சிலர், முத்திரை இல்லாமலே கட்டளையை ஏற்கும் ஓர் அவசர வாசல் வைக்கிறார்கள். அது திருடனுக்கும் வாசல்!

இன்னொரு தயக்கம் சட்டத்தைப் பற்றியது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011-ல் பறந்தது. அது பேசியது அமெச்சூர் ரேடியோ அலைவரிசையில். அங்கே பொருளை மறைத்துப் பேசக் கூடாது என்பது சர்வதேச விதி. ஆனால் செயற்கைக்கோளுக்கு இடும் கட்டளைகளுக்கு அந்த விதியே விலக்கு அளித்திருக்கிறது. சட்டத்தைச் சாக்குச் சொல்ல வழியில்லை.

உண்மையில் பெரிய தாக்குதலுக்கு வானம்வரை போக வேண்டியதே இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று வயாசாட் நிறுவனத்தின் கா-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவை முடங்கியபோது, கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. தாக்கியவர்கள் நுழைந்தது தரையிலிருந்த கம்ப்யூட்டர் வலையமைப்புக்குள். அங்கிருந்தபடியே பல்லாயிரம் மோடம்களைச் செயலிழக்க வைத்தார்கள்.

ஜி.எஸ்.டி. சாலைக் கல்லூரிகளில் க்யூப்சாட் என்னும் குட்டிச் செயற்கைக்கோள் செய்ய உட்காரும் மாணவர்களே, கட்டளை முத்திரைக்குப் பதினாறு பைட் ஒதுக்கிவிடுங்கள். கட்டளை அனுப்பும் கம்ப்யூட்டரைக் கல்லூரி வைஃபையில் மாட்டாதீர்கள்.