விருந்தினர் அறையின் விளக்கும் கட்டிலும்

புனே நகரின் கிழக்குப் பகுதியில், லோஹகாவ் விமான நிலையத்தை ஒட்டி வளர்ந்துள்ள விமான் நகர், தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றும் குடும்பங்களும் சிம்பயாசிஸ் கல்வி நிறுவனங்களில் பயிலும் மாணவர்களும் பெருமளவில் வாழும் குடியிருப்புப் பகுதியாகும். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களைத் தேடி வரும் முக்கிய விருந்தினர், ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைகளோடு ஒரு மாதமோ இரண்டு மாதமோ தங்கிச் செல்லும் பெற்றோரும் மாமனார் மாமியாருமே ஆவர். ஆகவே இப்பகுதியின் இரண்டு படுக்கையறை வீடுகளில் 'கெஸ்ட் ரூம்' என்று வழங்கும் சிறிய அறையை அமைக்கும்போது, ஓட்டல் அறையின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தச்சரிடம் காட்டுவதைவிட, அறுபது வயதைக் கடந்த கண்ணுக்கும் முழங்காலுக்கும் பழகாத ஓர் அறையில் எவை தேவைப்படும் என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

கண்ணிலிருந்து தொடங்குவதே முறை. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குவதாலும், உள்ளிருக்கும் வில்லை மஞ்சளித்துத் தெளிவு குறைவதாலும், அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி இருபது வயதினருக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதே வேளையில், மறைப்பில்லாத விளக்கின் கூச்சம் அவர்களையே அதிகம் வருத்துகிறது. கூடுதல் ஒளி வேண்டும், ஆனால் அது கண்ணில் நேராகக் குத்தக்கூடாது என்னும் இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவதில்தான் விருந்தினர் அறை விளக்கமைப்பின் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது.

பல்பு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு லூமென் எனப்படும். அவ்வொளி ஒரு பரப்பின்மீது எந்த அடர்த்தியில் விழுகிறது என்பதைக் குறிக்கும் அளவு லக்ஸ் ஆகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். முழுநிலவு ஒரு லக்ஸைக்கூடத் தொடுவதில்லை. படுக்கையறையின் பொது வெளிச்சத்துக்கு 50 லக்ஸும், படிப்பதற்கான தலைமாட்டு வெளிச்சத்துக்கு 150 லக்ஸும் போதுமென்று கொள்வது விளக்கமைப்போரின் வழக்கம் என்றாலும், முதியோர் தங்கும் அறையில் இரண்டையும் இருமடங்காக்குவதே தகும். பத்துக்குப் பத்தடி அறையின் பரப்பு சுமார் 9.3 சதுர மீட்டர். அதில் ஏறத்தாழ 900 லூமென் தரும் ஒரு 9 வாட் எல்இடி பல்பைப் பொருத்தினால், சுவரும் கூரையும் திரைச்சீலையும் உறிஞ்சியது போகப் பாதியளவே பயன்படும் என்பதால், ஒற்றைப் பல்பு ஐம்பது லக்ஸைத் தாண்டுவது அரிது. 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்துக்குப் பின் எல்இடி பல்பு எளியோர்க்கும் எட்டும் விலைக்கு வந்துவிட்ட நிலையில், இரண்டு விளக்குப் புள்ளிகள் வைப்பதில் சிக்கனம் பார்க்கக் காரணமில்லை.

ஒளியின் அளவைவிட அதன் நிறத்தில்தான் வீட்டுக்கு வீடு தவறு நேர்கிறது. பல்பு அட்டைப்பெட்டியின்மேல் 2700, 4000, 6500 என்று கெல்வின் அளவில் அச்சிடப்பட்டிருக்கும் எண், ஒளியின் நிற வெப்பநிலையைக் குறிக்கிறது: உலையில் காய்ச்சும் இரும்பு முதலில் சிவந்து, பின் மஞ்சளித்து, இறுதியில் வெண்மை கொள்வதைப் போல, எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகவும், கூடக் கூட நீலம் கலந்த வெண்மையாகவும் இருக்கும். நாற்பது ஆண்டுகள் டியூப்லைட்டில் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு 6500 கெல்வின் வெள்ளை ஒளிதான் 'நல்ல வெளிச்சம்' என்ற எண்ணம் ஆழப் பதிந்துள்ளது. மஞ்சள் விளக்கு அவர்களுக்கு மின்னழுத்தம் குறைந்த ஊரையே நினைவூட்டும். ஆனால் 1941-இல் பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர் குருய்ட்ஹோஃப், வெளிச்சம் குறைவான அறையில் மஞ்சள் ஒளியே கண்ணுக்கு இதமாகத் தோன்றும் என்றும், வெண்ணொளி அங்கே சோகை பிடித்தாற்போல் காட்டும் என்றும் வரைபடமாக்கிக் காட்டினார். அவ்வரைபடத்தின் துல்லியம் பின்னர் ஐயத்துக்கு உள்ளானது உண்மையே. எனினும் 2002-இல், பார்வைக்கன்றி உடலின் பகல் இரவுக் கடிகாரத்துக்கென்றே செயல்படும் உயிரணுக்கள் விழித்திரையில் உள்ளன என்றும், அவை நீல ஒளிக்கே மிகுதியாக எதிர்வினை புரிகின்றன என்றும் கண்டறியப்பட்டபின், உறங்கும் அறையில் இரவு ஒன்பது மணிக்கு நீலம் மிகுந்த வெள்ளை ஒளியைப் பாய்ச்சுவது உறக்கத்தைத் தள்ளிப்போடும் என்பதில் ஐயம் குறைந்துவிட்டது. புது இடத்தில் தூக்கம் வரவில்லை என்று விருந்தினர் சொல்வதில் ஒரு பங்கு இந்தப் பல்பையும் சாரும். விருந்தினர் அறைக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள பல்பே உரியது. அத்துடன், நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை நூற்றுக்கு இத்தனை என்று குறிக்கும் 'சிஆர்ஐ' எண் 90 அல்லது அதற்கு மேல் உள்ள பல்பைத் தேர்வது நன்று. இளஞ்சிவப்பு மாத்திரை எது, வெளிர்மஞ்சள் மாத்திரை எது என்று இரவில் பிரித்தெடுக்க வேண்டியவர்க்கு இது அலங்காரம் சார்ந்த செய்தியன்று.

விளக்குகள் மூன்று நிலைகளில் அமைதல் வேண்டும். கூரைவிளக்கு படுக்கையில் மல்லாந்திருப்பவர் கண்ணுக்கு நேரே வராமல், கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் தள்ளியோ, சுவரை நோக்கி ஒளியைச் சிதறவிட்டோ பொருத்தப்பட வேண்டும். தலைமாட்டு விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து நாளிதழின்மேல் விழ வேண்டும். மூன்றாவது, கட்டிலிலிருந்து குளியலறை வரையுள்ள தரையை மட்டும் காட்டும், முழங்காலுக்குக் கீழே பதித்த மங்கலான மஞ்சள் விளக்கு. ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்துவந்த 'ஜீரோ வாட்' பல்பு உண்மையில் பதினைந்து வாட் வரை மின்சாரம் உண்டது. இன்று ஒரு வாட்டுக்கும் குறைவான எல்இடியே போதும். புனேவின் புத்வார் பேட்டையிலுள்ள தப்கீர் கல்லி என்னும் மின்சாதனக் கடைத்தெருவில் இவ்வகை விளக்குகள் அனைத்தும் கிடைக்கும்.

விளக்கு எவ்வளவு சிறந்ததாயினும், சுவிட்ச் கைக்கு எட்டவில்லை என்றால் பயனில்லை. விமான் நகருக்கு வருபவர் நள்ளிரவு விமானத்தில் இறங்கி, வீட்டாரிடம் நான்கு சொல் பேசிவிட்டு, அறையைச் சரியாகப் பார்க்காமலே படுத்துவிடுவது உண்டு. இரண்டு மணிக்கு விழிப்பு வந்து சுவரைத் தடவும்போது கையில் படுவது எட்டுப் பொத்தான்கள் வரிசையாகப் பதிந்த ஒரு மாடுலர் பிளேட். அவற்றுள் ஒன்று கீசருக்கு, ஒன்று மின்விசிறிக்கு, ஒன்று எதற்கென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. இதற்குத் தீர்வு, மாடிப்படி வயரிங் என்று மின்பணியாளர் வழங்கும் டூ-வே சுவிட்ச் இணைப்பாகும். வாசலில் ஒன்றும் கட்டில் தலைமாட்டில் ஒன்றுமாக இரு சுவிட்சுகளைப் பொருத்தினால், ஒரே விளக்கை எதிலிருந்தும் ஏற்றலாம், எதிலிருந்தும் அணைக்கலாம். தலைமாட்டுச் சுவிட்சின் ஓரத்தில் இருளில் ஒளிரும் சிறு ரேடியம் புள்ளி ஒன்றை ஒட்டிவிட்டால், வீட்டாரை எழுப்பவேண்டிய தேவை நேராது.

பகல் ஒளியைக் கையாளும் முறைக்கு, விமான் நகருக்கு அருகிலேயே 'நகர் ரோடு' என வழங்கும் சாலையில் உள்ள ஆகா கான் மாளிகை நல்ல சான்று. 1892-இல் கட்டப்பட்ட அம்மாளிகையைச் சுற்றி ஓடும் அகன்ற தாழ்வாரம், வெயிலை வெளியே நிறுத்தி, வெளிச்சத்தை மட்டும் அறைக்குள் அனுமதிக்கிறது. இன்றைய அடுக்ககத்தில் தாழ்வாரத்துக்கு இடமில்லை. அதன் வேலையை இரட்டைத் திரையே ஏற்கவேண்டும். மெல்லிய வெள்ளைத் துணித் திரை பகலில் ஒளியைப் பரப்பும். அதன்மேல் தொங்கும் கனத்த திரை ஏப்ரல் மாதத்து மேற்கு வெயிலை மறைக்கும், பின்னிரவில் வந்து படுத்தவரைக் காலையில் உறங்கவும் விடும். திரைச்சீலை விமான ஓசையையும் தடுக்கும் என்ற விளம்பரத்தை நம்புவதற்கில்லை. அதற்குச் சன்னல் சட்டத்தின் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைப்பதே ஓரளவு உதவும்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட அறையுள்ள வீட்டில் இரண்டாவது அறைக்கு 7.5 சதுர மீட்டரைக் குறைந்தபட்சப் பரப்பாக ஏற்கிறது. அவ்வளவு இடத்தின் நடுவில் ஐந்தடி அகலக் கட்டிலைத் திணித்தால் இருபுறமும் நடைவழி குறுகிவிடும். மூன்றடி அகலத் திவான் இரண்டை எதிரெதிர்ச் சுவர்களில் இடுவது மூத்த தம்பதியர்க்கு உகந்ததாகவும் நடுவில் நடைவழி விடுவதாகவும் அமையும். சோபா-கம்-பெட் விற்பனைக் கூடத்தில் கவர்ச்சியாகத் தோன்றினாலும், மடிப்பு விழும் இடத்துக் கம்பி முதுகில் உறுத்துவதால், ஒரு மாதம் தங்குபவர்க்கு அதை அளிப்பது பொருந்தாது. கட்டிலின் உயரம் மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் இருத்தல் வேண்டும். அதற்குத் தாழ்ந்தால் முழங்கால் வலி உள்ளவர் எழச் சிரமப்படுவர். கொயர் மெத்தை விறைப்பாக இருந்து முதுகைத் தாங்கும். போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தை மென்மையும் குளிர்ச்சியும் தருமெனினும், அவ்வப்போது வெயில் காட்டாவிடில் கட்டிதட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீளும் புனே மழைக்காலத்தில் அது எளிதன்று. அக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிக் கட்டில் போடாமல் நான்கு விரல் இடைவெளி விடுவது பூசணத்தைத் தவிர்க்கும்.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேவில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குவதுண்டு. சென்னையிலிருந்து பருத்திப் போர்வையோடு வருபவர் இதை எதிர்பார்ப்பதில்லை. சென்னையிலிருந்து புனே வரும் ரயில் பாதையில் உள்ள சோலாப்பூரில் நெய்யப்படும், புவிசார் குறியீடு பெற்ற தடித்த பருத்திச் சத்தர் இதற்கு ஏற்ற போர்வை. அதன்கீழ் ஒரு சென்னிமலைப் படுக்கைவிரிப்பு இருந்தால் போதும்.

எஞ்சியவை சிறு பொருள்களே, ஆனால் விருந்தினர் கூச்சத்தோடு கேட்க நேர்வது இவற்றைத்தான். பெட்டியைக் குனியாமல் திறக்க ஒரு தாழ்ந்த பலகை, கைத்தடிக்கும் சட்டைக்கும் கொக்கிகள், கட்டிலருகே மூக்குக்கண்ணாடியும் தண்ணீர்ச் சொம்பும் வைக்கச் சிறு மேசை, அதே உயரத்தில் கைப்பேசிக்கான பிளக். உள்ளலங்காரப் படங்கள் எதிலும் இடம்பெறாத ஒன்றும் உண்டு: ஈர வேட்டியும் துண்டும் உலர்த்த விருந்தினர்க்கென்றே ஒரு கொடி. அது இல்லாத அறையில் எத்தனை அழகிய விளக்கு எரிந்தாலும், நாற்காலி முதுகில் ஈரத்துண்டே தொங்கும்.

இவற்றுள் கட்டிலும் மெத்தையும் திரையும் எப்போது வேண்டுமானாலும் வாங்கத்தக்கவை. டூ-வே சுவிட்சுக்கும் தரைவிளக்குக்கும் உரிய கம்பிகள் சுவருக்குள் ஓடுபவை என்பதால், புது வீடு வாங்குவோர் பூச்சுவேலை தொடங்குமுன்பே கட்டுநரிடம் மின்வரைபடத்தைக் கேட்டு வாங்கி, விருந்தினர் கட்டில் வரவிருக்கும் இடத்தை அதில் குறித்துக் கொடுத்துவிட வேண்டும்.