நாவல் எழுதும் விவசாயிகளே... கிரயம் வேண்டாம், குத்தகை போதும்!

நம் வாசகர்களில் சிலர் கதை எழுதி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் புத்தகமாக்க வழி கேட்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

கோவில்பட்டி அருகே இடைசெவலில் விவசாயம் பார்த்த கி.ராஜநாராயணன்தான் இதில் முன்னத்தி ஏர். முதலில் சிறுகதைகள் மூலம் பத்திரிகைகளில் அறிமுகமானார். 'கோபல்ல கிராமம்' நாவல் வந்தது 1976-ல். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

நீங்களும் முதலில் சிறுகதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள். நாவல் முடிந்ததும், அதே மாதிரி நூல்களை வெளியிடும் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி, இரண்டு அத்தியாயங்களை அனுப்புங்கள். ஒரு நகல் கையில் இருக்கட்டும். பணம் கட்டினால் அச்சிடுகிறோம் என்பவர்களும் உண்டு. அதற்காக நகையை அடகு வைக்காதீர்கள். விற்காத புத்தகங்கள் உங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேரும்.

கையெழுத்துக்கு முன்...

நிலப் பத்திரத்தைப் படிப்பதுபோல ஒப்பந்தத்தையும் வரி விடாமல் படியுங்கள். உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுப்பது கிரயம். சில ஆண்டுகளுக்கு மட்டும் தருவது குத்தகை மாதிரி. குத்தகையே நல்லது.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பதிவு செய்யாவிட்டாலும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால், எழுதிக் கொடுத்த உரிமை 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். ராயல்டி சதவிகிதம், விற்பனைக் கணக்கு தரும் மாதம், மறுபதிப்பு இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய சொத்து அது.