முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

பெங்களூருவில் பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த மைசூர் இளைஞர் ஒருவர், 1952இல் படிப்பைப் பாதியில் விட்டு சினிமாவுக்குப் போனார். அவர்தான் எம்.எஸ். சத்யு. கார்ட்டூன் அசைவுப்படம், நாடகம், ஆவணப்படம், கலை இயக்கம் என்று சுற்றி வந்தவர். கன்னடத்தில் ‘பர’ எடுத்தார். ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது, 1974இல் கான் விழா வரை போன ‘கர்ம் ஹவா’தான்.

பிரிவினைக்குப் பின்னும் ஆக்ராவிலேயே தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை அது. கையில் இருந்தது ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கொடுத்த இரண்டரை லட்ச ரூபாய் கடன். கேமரா நண்பர் தந்தது. ஒலிப்பதிவுக் கருவிக்குப் பணமில்லை. படம் முழுக்க ஊமையாக எடுத்து, பிறகு டப்பிங் செய்தார்கள்.

அதில் வரும் பாட்டியை மறக்கவே முடியாது. பிறந்த மண்ணல்ல, வாழவந்த வீடு. அதை விட்டு வரமாட்டேன் என்று விறகறையில் ஒளிந்துகொள்வாள். அந்த முகம் பதர் பேகத்துடையது. குரலோ தீனா பாடக்குடையது. படம் பார்க்கும்போது இருவராகத் தெரிகிறதா? எனக்குத் தெரிந்ததே இல்லை.

அந்த ஒட்டுவேலையைச் செய்வது நம் மூளை. அந்தக் கால டூரிங் டாக்கீஸில் ஒலிபெருக்கி நகராமல் ஒரே இடத்தில்தான் இருக்கும். கதாநாயகன் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தால் குரலும் கூடவே நடப்பதுபோல் இருக்கும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் காதைவிடக் கண்ணையே மூளை அதிகம் நம்புகிறது. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற ஆய்வாளர்கள் இருவர் இன்னும் விசித்திரமானதைக் காட்டினார்கள். ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ சொல்லும் வாயசைவோடு சேர்த்துக் காட்டினால் பலருக்கும் ‘தா’ போலக் கேட்கிறது! ஒலியிலும் இல்லாத, உதட்டிலும் இல்லாத எழுத்து.

இந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. சினிமாவில் நொடிக்கு 24 சட்டகங்கள். ஒரு சட்டகம் சுமார் 42 மில்லிநொடி. குரல் கொஞ்சம் பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும், முந்தினால் உறுத்தும். வெளியுலகில் அதற்குப் பழகிய வரிசை அது: தூரத்துத் துறையில் துணி கல்லில் விழுவது முதலில் தெரியும், அறையும் சத்தம் பிறகுதான் வரும். உதடு ஒட்டும் ‘ப’, ‘ம’ வரும் இடங்களில் தவறினால் உடனே பிடிபட்டுவிடும்.

‘கர்ம் ஹவா’வில் குடும்பத் தலைவர் சலீம் மிர்ஸாவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி, திரையில் அசையும் தன் உதடுகளுக்குத் தானே குரல் கொடுத்து முடித்தார். மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, இறந்துபோனார்.