கிளி வளர்ப்பு: சட்டமும் மருத்துவமும்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலுள்ள கிளிக்கூட்டு மண்டபம், முன்னாளில் அங்குக் கிளிகள் வளர்க்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. இவ்வாறு மரபில் வேரூன்றிய கிளி வளர்ப்பு இன்று சட்ட நோக்கிலும் மருத்துவ நோக்கிலும் மறுபார்வைக்கு உரியது.

டி. கல்லுப்பட்டி முதலான மதுரைச் சமவெளி ஊர்களின் மரப்பொந்துகளில் கூடுகட்டும் பச்சைக்கிளி, 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். ஆப்பிரிக்கச் சாம்பல்கிளி போன்ற அயலினங்களோ, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முறையாகப் பதிவு செய்து வளர்க்கத்தக்கவை. ‘கிளி’ என்னும் பொதுச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஆகவே இனமறிதலே பொறுப்புள்ள வளர்ப்பின் முதற்படி.

அடுத்தது உடல்நலம். தினை, சூரியகாந்தி விதை ஆகியவற்றை மட்டுமே உண்ணும் கிளிக்கு வைட்டமின் ஏ, சுண்ணாம்புச்சத்துக் குறைபாடுகள் தோன்றும். சுவாச நோய்கள் எளிதில் பற்றும். வேட்டைக்கு இலக்காகும் உயிராதலின் கிளி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. இறகு சிலிர்த்து ஒடுங்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். கிளிகளிடமிருந்து சிட்டகோசிஸ் என்னும் காய்ச்சல் மனிதரையும் தொற்றும். எனவே பறவை மருத்துவத்தில் பயிற்சியுடைய கால்நடை மருத்துவரை முன்னரே அறிந்திருத்தல் தேவை.

ஏற்கெனவே கூண்டில் வளர்ந்த பச்சைக்கிளியைத் திறந்துவிடுதல் தீர்வன்று. இரைதேடப் பழகாத அதனை வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை.