பின்புறத் தகட்டில் ஒரு வண்ண வட்டம்

ஜெர்மனியின் வீதிகளில் ஓடும் மோட்டார் கார்களின் பின்புற நம்பர் பிளேட்டில் சிறியதொரு வண்ண வட்டம் ஒட்டப்பட்டிருப்பதையும், அதன் நடுவே வருஷத்தைக் குறிக்கும் இரண்டு இலக்கங்களும் சுற்றிலும் பன்னிரண்டு மாதங்களுக்கான எண்களும் அமைந்திருப்பதையும் காணலாம். உச்சியில் எந்த எண் நிற்கிறதோ அந்த மாதத்திற்குள் வண்டி மறுபடியும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். வருஷந்தோறும் நிறம் மாறுகிறது. பன்னிரண்டாம் எண்ணின் இருமருங்கிலும் உள்ள கரும்பட்டை நிற்கும் திசையை, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தே, தூரத்தில் நிற்கும் போலீஸ்காரர் மாதத்தை அறிந்துகொள்கிறார். 1961ஆம் ஆண்டில் வந்த இவ்வேற்பாட்டின் நுட்பம் என்னைப் பெரிதும் கவர்கிறது.

இந்தப் பரிசோதனையின் பூர்வோத்தரம் காரில் தொடங்கவில்லை. 1865இல் மான்ஹைம் நகரத்து மதுவடிசாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்து நாசம் விளைத்தபின், கொதிகலன் உடையவர்களே அடுத்த ஆண்டில் ஒன்றுகூடி, தங்கள் இயந்திரங்களைக் காலந்தோறும் சோதிக்கத் தேர்ந்த எஞ்சினீயர்களை நியமித்து ஒரு சங்கம் கண்டார்கள். அத்தகைய சங்கங்களின் வழிவந்தவையே இன்று ஜனங்கள் 'ட்யூஃப்' என்று வழங்கும் பரிசோதனை ஸ்தாபனங்கள். 1951இல் மோட்டார் வண்டிகளுக்குக் காலமுறைப் பரிசோதனை கட்டாயமாயிற்று. சோதிப்பவர் வேறு, பழுது பார்ப்பவர் வேறு என்ற நியதியே இம்முறையின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். பரிசோதகர் பட்டறைக்கே வந்து சோதிக்கும் வழக்கமும் உண்டு. ஆயினும் குறை கண்டால் அவருக்கு லாபமில்லை, காணாவிட்டால் நஷ்டமுமில்லை.

புதிய கார் மூன்றாண்டு கழித்தும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், டாக்ஸியாயின் ஆண்டுதோறும் வர வேண்டும். பிரேக்கின் பலத்தை உருளைகள்மீது சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கிறார்கள், ஸ்டியரிங், விளக்குகள், புகை, டயரின் பள்ளம் (1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது) ஆகியவற்றைப் பார்த்தபின் வண்டியை உயரத் தூக்கி அடிப்பாகத்தை ஆராய்கிறார்கள். பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு இரும்பை மெல்ல அரித்துவிடும் அத்தேசத்தில், அன்றாடம் ஓட்டுபவர் கண்ணுக்குப் புலப்படாத இந்த அடிப்பாகமே மற்றெல்லாவற்றிலும் கவலைக்குரியது. கடுமையான குறை தென்பட்டால் சரிசெய்துகொண்டு வர ஒரு மாதம் தவணை. ஓட்டவே தகாத வண்டியாயின், அந்த வட்டத்தையே அகற்றிவிடுவார்கள்.

நாள் நெருங்குகிறதென்று அரசாங்கத்திலிருந்து கடிதம் எதுவும் வருவதில்லை. நினைவில் வைத்திருப்பது உடையவரின் கடமை. இரண்டு மாதத்துக்கு மேல் தாமதித்தால் அபராதமும், கூடுதல் கட்டணத்துடன் விரிவான சோதனையும் உண்டு; எட்டு மாதம் கடந்தால் 60 யூரோ அபராதத்தோடு, ஓட்டுநரின் குற்றப் பதிவில் ஒரு புள்ளியும் ஏறும். தொகை அற்பந்தான், ஆனால் பிரேக் பழுதான வண்டியின் எதிரே வீதியைக் கடப்பவருக்கு அவ்வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதென்பதை எண்ணும்போது, அந்தத் தாமதத்தை அற்பமென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பழைய கார் வாங்குவோர் இதை நன்கறிவார்கள். பரிசோதனை அண்மையில் முடிந்ததா என்பதை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு ஈடாக விசாரித்த பின்னரே விலை பேசுகிறார்கள்.