இடுப்புக்குள் கசிந்த கோபால்ட்

அலாஸ்காவைச் சேர்ந்த ஸ்டீபன் டவர் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர். 2006-ல் அவருக்கே இடுப்பு மூட்டை மாற்ற வேண்டி வந்தது. பொருத்திக்கொண்டது டிபூய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டு. பந்தும் உலோகம், அது சுழலும் கிண்ணமும் உலோகம். நாளடைவில் இடுப்பு வலியோடு காது மந்தம், பார்வைக் கோளாறு, இதயத் தளர்ச்சி. ரத்தத்தில் கோபால்ட் எகிறியிருந்தது. மூட்டை அகற்றிய பிறகே தேறினார். தன் கதையையே 2010-ல் மருத்துவ இதழில் எழுதினார்.

பிளாஸ்டிக் கிண்ணம் தேய்ந்துவிடும், கோபால்ட்-குரோமியம் நீடித்து உழைக்கும் என்று நம்பித்தான் ஓடியாடும் வயதினருக்கு இதைப் பரிந்துரைத்தார்கள். ஆனால் ஏஎஸ்ஆர் கிண்ணத்துக்கு ஆழம் போதாது. கொஞ்சம் சாய்வாகப் பொருந்தினாலும் பந்து விளிம்பில் உரசும். உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையை அழித்தன. மீதி ரத்தத்தில் கலந்தது. கோபால்ட்டின் குணம் தெரியாததல்ல. 1960-களில் கியூபெக்கில் நுரை நிற்க பீரில் அதைச் சேர்த்தபோது, மொடாக்குடியர்கள் பலர் இதயம் செயலிழந்து இறந்திருக்கிறார்கள்!

ஏஎஸ்ஆரின் கோளாறை முதலில் கண்டுபிடித்தது ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேடு, 2007-லேயே. நிறுவனம் அதை உலகெங்கும் திரும்பப் பெற்றதோ 2010 ஆகஸ்டில். அதற்குள் சுமார் 93,000 பேர் உடலில் அது ஏறிவிட்டது. ஐந்தாண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை.

இந்தியாவில் அதைப் பொருத்திக்கொண்டவர்கள் சுமார் 4,700 பேர். அவர்களில் அடையாளம் காண முடிந்தது ஏறத்தாழ 1,000 பேரைத்தான். மற்றவர்கள் எங்கே? யாருக்கு எது பொருத்தப்பட்டது என்று சொல்ல நாடு தழுவிய கட்டாயப் பதிவேடு இல்லை. உலோகத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று மத்திய அரசின் குழு 2018-ல் கணக்கிட்டது. ஆளே தெரியாதபோது தொகையை யாரிடம் கொடுப்பது?

கால் முறிவுக்கு பிளேட், ஸ்க்ரூ வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். அங்கே உலோகப் பந்தும் கிண்ணமும் ஓயாமல் உரசுவதில்லை. முழங்கால் மூட்டிலும் பெரும்பாலும் உலோகத்துக்கு எதிரே பிளாஸ்டிக்தான். உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு உள்ளவர்கள், வலி இல்லாவிட்டாலும், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்ப்பது நல்லது. லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது பிரிட்டன் வைத்த எல்லை. எந்த மூட்டு என்றே தெரியாதவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள்; அதிலோ ஆஸ்பத்திரி கோப்பிலோ கம்பெனிப் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கலாம்.