அடியாத நாயும் படியும்

வீட்டில் யார் தலைவன் என்பதை நாய்க்குக் காட்டிவிட வேண்டும் என்ற அறிவுரை இன்றும் பல நாடுகளில் உலவுகிறது. நாய் உறுமினால் மல்லாத்திப் போட்டு அமுக்கச் சொல்வார்கள், முறைக்கச் சொல்வார்கள். 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது நியாயமாகவும் தோன்றும்.

இந்த எண்ணத்தின் ஒரு வேர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. பாசல் விலங்குக் காட்சிசாலையில், ஏறத்தாழ 10 மீட்டர் அகலமும் 20 மீட்டர் நீளமும் கொண்ட அடைப்புக்குள் இருந்த ஓநாய்களை ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் கவனித்தார். அவை முதலிடத்துக்காக ஓயாமல் போட்டியிடுவதாக 1947இல் எழுதினார். அவர் கண்டது உண்மைதான். ஆனால் அது இடநெருக்கடியில் மாட்டிக்கொண்ட விலங்குகளின் சண்டை. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்த ஆய்வாளர் டேவிட் மீச், ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பமே என்று 1999இல் விளக்கினார். பழைய கருத்தைப் பரப்பியதில் அவருடைய 1970ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கும் பங்குண்டு. அதைத் தானே திருத்த முன்வந்த அவரது நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்குள் தலைவன் கதை வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனைக்கு நடத்தைக் கோளாறுக்காக நாய்களைக் கொண்டுவந்த 140 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வு 2009இல் வெளியானது. அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 விழுக்காட்டினரை நாய் திருப்பித் தாக்க முனைந்தது. மல்லாத்தி அமுக்கியவர்களில் இது 31 விழுக்காடு. உறுமலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பயம். அடி அந்தப் பயத்தைக் கூட்டும். உறுமலை மட்டும் அடக்கினால், நாய் எச்சரிக்காமலே கடிக்கப் பழகிவிடும்.

2005 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில், சூரிச் மாநிலத்தின் ஓபர்கிளாட்டில் மூன்று பிட்புல் நாய்கள் ஆறு வயதுச் சிறுவனைக் கொன்றன. நாடு அதிர்ந்தது. மோசமான நாய்க்கடிகளை மருத்துவர்களும் விலங்கு மருத்துவர்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2006இல் வந்தது. அப்படித் தெரிவிக்கப்பட்ட நாயை மாநில விலங்கு மருத்துவத் துறை ஆராய்கிறது. 2008இன் விலங்குப் பாதுகாப்பு ஆணை முள் வைத்த கழுத்துப்பட்டையைத் தடைசெய்தது; மின்னதிர்ச்சிக் கருவிக்கும் தடை, மாநிலம் அனுமதிக்கும் சிகிச்சைக்கு மட்டுமே விலக்கு. நாய் வளர்ப்போருக்கு நாடு முழுவதும் கட்டாயப் பயிற்சியும் வந்தது. ஐந்தில் ஒருவர் அதற்குப் போகவில்லை, பலனும் நிரூபணமாகவில்லை என்று 2016 முடிவோடு அதைக் கைவிட்டார்கள். சில மணி நேர வகுப்பிடம் அதிகம் எதிர்பார்த்துவிட்டு, அவசரப்பட்டுக் கைகழுவிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சூரிச் மாநிலத்தில் 2025 ஜூன் முதல் சிறிய இன நாய்களுக்கும் செய்முறைப் பயிற்சி கட்டாயம். அங்கே நாய் வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாயின் நடத்தைக் கோளாறுக்கான சிகிச்சை உடம்பிலிருந்து தொடங்குகிறது. மூட்டுவலியோ காதுவலியோ உள்ள நாய் தொட்டாலே சீறும். நடத்தைக் கோளாறு என்று வருகிற நாய்களில் மூன்றில் ஒன்றுக்காவது வலி இருக்கலாம் என்று இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் குழுவினர் 2020இல் எழுதினர். வலி இல்லையென்றால் பயிற்சி. வேறு நாயைக் கண்டாலே குரைத்துப் பாயும் நாயை, அது இன்னும் பதறாத தூரத்தில் நிறுத்துவார்கள். எதிரே நாய் தெரிந்ததும் இறைச்சித் துண்டு. மறைந்ததும் இறைச்சி நின்றுவிடும். நாளடைவில் மற்ற நாயின் வருகையே நல்லதற்கு அறிகுறி ஆகிவிடும்; அப்போது தூரத்தைச் சிறிது குறைக்கலாம். நாய் பதறினால் பின்வாங்க வேண்டும். வாரங்கள், சில நாய்களுக்கு மாதங்கள் ஆகும்.

தனியே விட்டால் கதவைப் பிறாண்டி ஊளையிடும் நாய்களுக்கு மருந்தும் தேவைப்படலாம். அதுவும் பாசலிலிருந்தே வந்தது. மனிதரின் மனச்சோர்வுக்காக 1960களில் கெய்கி நிறுவனம் உருவாக்கிய குளோமிப்ரமின், நோவார்டிஸ் நிறுவனம் வழியாக 1998இல் அமெரிக்காவில் நாய்களுக்கு அனுமதி பெற்றது. அந்த மருந்தின் சோதனையில் எல்லா நாய்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. மருந்தும் சேர்ந்தவை விரைவாகத் தேறின. அதனால் மருந்துச் சீட்டோடு, வீட்டில் அன்றாடம் செய்ய வேண்டிய பயிற்சியையும் மருத்துவர் எழுதித் தருகிறார்.